உப்புக் காற்றும் தையல் மிஷினும்: கேள்வி பதில்

புதுச்சேரியில் 30 ஆண்டுகளுக்கு மேலாக வீட்டுத் தையல் மிஷின்களைப் பழுது பார்த்து வருகிறேன். கடலூர், புதுச்சேரி வட்டாரங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஓர் அம்மா: எங்கள் வீடு கடலுக்கு மிக அருகில் இருக்கிறது. ஐப்பசி பிறந்தால் கால் மிஷினின் சக்கரம் இறுகிவிடுகிறது. வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் விட்டும் பயனில்லை. ஊசியைத் தாங்கி மேலும் கீழும் போகும் ஊசிக் கம்பியிலும் துரு தெரிகிறது.

அம்மா, உங்கள் மிஷினை இறுக்குவதில் பாதிப் பங்கு கடலுக்கு, மீதிப் பங்கு அந்தத் தேங்காய் எண்ணெய்க்கு. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். நம் ஊரில் மார்கழி இரவுகளின் குளிருக்கு அதுவே போதும். உறையாத நாட்களிலும் அது நாளடைவில் பிசினாகி, பஞ்சுத் தூசியையும் சேர்த்துக்கொண்டு, எண்ணெய்த் துளைகளுக்குள் கெட்டியாக உட்கார்ந்துவிடும். சமையலுக்கும் தலைக்கும் உள்ள எந்த எண்ணெயும் மிஷினுக்கு ஆகாது. கடைகளில் தண்ணீர் போலத் தெளிவாகக் கிடைக்கும் தையல் மிஷின் எண்ணெயை மட்டுமே வாங்குங்கள்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, நூலையும் துணியையும் எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். சிறிது நேரத்தில் பழுப்பு நிறத்தில் பிசின் கரைந்து வழியும். அதைப் பழைய வேட்டித் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் விடுங்கள். கரைசல் தெளிவாக வரும் வரை இதைச் செய்த பிறகு, மண்ணெண்ணெய் ஈரம் போகும்படி நன்றாகத் துடைத்து, மிஷின் எண்ணெயைத் துளைக்கு ஒரு சொட்டு வீதம் விட வேண்டும். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்குமே தவிர வழுவழுப்பைத் தராது. அதோடு நிறுத்திவிட்டால் இரும்பும் இரும்பும் உரசித் தேயும்.

துருவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காற்றில் வரும் உப்பு இரும்பின்மேல் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால்தான், கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் பத்து ஆண்டுகள் பளபளக்கும் ஊசிக் கம்பி கடலோரத்தில் இரண்டே மழைக்காலத்தில் புள்ளி விழுந்துவிடுகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். கம்பியின் பருமன் குறைந்தால் ஊசி ஆடும். எண்ணெய் தோய்ந்த துணியால் பொறுமையாகத் துடைத்தாலே போதும். மிஷினைப் பிளாஸ்டிக் உறையால் மூடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், ஏனெனில் உள்ளே மாட்டிய ஈரத்துக்கு வெளியேற வழியில்லாமல் போகிறது. பருத்தித் துணியால் மூடுங்கள். தைக்க வேலை இல்லாத வாரத்திலும் ஐந்து நிமிடம் மிதித்து ஓட்டிவிடுங்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு தங்கை: துணியின் அடிப்பக்கத்தில் நூல் கும்பல் கும்பலாகச் சுருண்டு விழுகிறது. அடி நூல் சுற்றிய பாபினை வைக்கும் பாபின் கேஸில் உள்ள திருகை இறுக்கிப் பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது.

அடியில் சுருள் விழுந்தால் அடி நூலின்மேல் பழி போடுவது எல்லோருக்கும் இயல்புதான். ஆனால் உண்மை நேர்மாறானது. மேல் நூலும் பாபின் நூலும் துணியின் நடுவில் பின்னிக்கொள்வதே தையல். மேல் நூலை இழுத்துப் பிடிக்கும் டென்ஷன் தளர்ந்தால், அந்த நூல்தான் துணிக்குக் கீழே தொங்கிச் சுருள்கிறது. அடியில் கிடக்கும் நூலின் நிறத்தைப் பாருங்கள். மேலும் கீழும் வேறு வேறு நிற நூல் போட்டுத் தைத்துப் பார்த்தால் எந்த நூல் குற்றவாளி என்று உடனே தெரிந்துவிடும்.

முதலில் துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கிவிட்டு, மேல் நூலை முழுவதும் உருவி, ஆரம்பத்திலிருந்து மறுபடியும் கோக்க வேண்டும். பாதம் இறங்கியிருக்கும்போது டென்ஷன் தட்டுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதால், நூல் அவற்றுக்கு இடையே போகாமல் மேலேயே நின்றுவிடும். என்னிடம் வரும் இந்தப் புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒரே செயலால் தீர்ந்து, கூலி வாங்கவும் கூச்சமாகிவிடுகிறது. நூலை இழுத்துக் கொடுத்து மேலும் கீழும் போய்வரும் கையின் துளையில் நூல் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் பிறகும் சுருள் விழுந்தால், டென்ஷன் தட்டுகளுக்கு இடையே பஞ்சு சிக்கியிருக்கலாம். ஒரு மெல்லிய துணி விளிம்பை இடையே நுழைத்து இழுத்தால் வந்துவிடும். மேல் டென்ஷன் திருகை இறுக்குவது கடைசி வேலை.

நீங்கள் திருப்பிய பாபின் கேஸ் திருகைச் சரிசெய்ய ஒரு பழைய வழி உண்டு. பாபினைக் கேஸில் போட்டு, நூலின் நுனியைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். அது தானாக இறங்கக் கூடாது. கையை லேசாகச் சுண்டினால் சிறிது இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று இறங்கினால் திருகு தளர்வு, அசையவே மறுத்தால் இறுக்கம். ஒவ்வொரு முறையும் கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம். அது மிகச் சின்னத் திருகு, கழன்று தரையில் விழுந்தால் தேடிக் கிடைப்பதில்லை.

பாகூரிலிருந்து ஒரு மாணவி: கால் மிஷின் மிதித்தால் சில நேரம் பின்னோக்கி ஓடி நூல் அறுகிறது.

சக்கரத்தின் மேல்பக்கம் எப்போதும் உங்களை நோக்கியே வர வேண்டும், தங்கையே. எனவே முதலில் கையால் சக்கரத்தை அப்படித் திருப்பிவிட்டு, அந்த ஓட்டத்திலேயே காலை வையுங்கள். சக்கரத்தின் நடுவில் உள்ள திருகைத் தளர்த்திவிட்டால் ஊசி இறங்காமல் சக்கரம் மட்டும் சுற்றும். அப்படி இரண்டு நாள் மிதித்துப் பழகினால் கால் தானாகப் படிந்துவிடும்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒருவர்: ஜீன்ஸ் பேன்ட்டின் கீழ் மடிப்பைத் தைக்கும்போது ஊசி உடைகிறது. பட்டு ரவிக்கையிலும் மிஷின் தையலை விட்டுவிட்டுத் தைக்கிறது.

இரண்டுக்கும் ஒரே ஊசியைப் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஜீன்ஸுக்கு 16 அல்லது 18 எண் ஊசி, சாதாரணப் பருத்திக்கு 14, பட்டுக்கும் மெல்லிய துணிக்கும் 11 அல்லது 9 போட வேண்டும். லெக்கின்ஸ் போன்ற நீளும் துணிக்கு முனை உருண்ட தனி ஊசி இருக்கிறது. அது இழையைக் குத்தாமல் விலக்கிக்கொண்டு இறங்கும். ஊசி மலிவான பொருள், மழுங்கியதும் மாற்றிவிடுங்கள். எட்டுப் பத்து மணி நேரத் தையலுக்கு ஒன்று என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

ஜீன்ஸில் தையல் குறுக்கிடும் மேட்டுக்கு வந்ததும் துணியைப் பின்னால் இழுப்பதால்தான் ஊசி வளைந்து தட்டில் இடிக்கிறது. அந்த இடத்தில் காலை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி மூன்று நான்கு தையல் போட்டுத் தாண்டுங்கள். பாதத்தின் பின்பக்கத்துக்குக் கீழே மடித்த அட்டைத் துண்டு ஒன்றை வைத்தால் பாதம் சாயாது. புது ஊசி போட்டும் தையல் விட்டால், ஊசி மேலே முட்டும் வரை ஏறியிருக்கிறதா, அதன் தட்டையான பக்கம், அடியில் மேல் நூலைப் பிடிக்கும் ஷட்டில் கொக்கி ஓடும் பக்கம் பார்த்திருக்கிறதா என்று சரிபாருங்கள்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒருவர்: கடைகளுக்குக் கைலி மூட்டிக் கொடுக்கிறேன். கால் மிஷினுக்கு மோட்டார் போடலாமா?

போடலாம், ஐயா. நேர்க்கோட்டுத் தையலுக்கு அது வசதிதான். பெல்ட்டை அதிகம் இறுக்கினால் சக்கரமும் மோட்டாரும் திணறும். விரலால் அழுத்தினால் சிறிது உள்ளே போகும் அளவுக்குத் தளர்வு இருக்கட்டும். நாள் முழுவதும் ஓட்டுவீர்கள் என்றால் தினமும் காலையில் எண்ணெய் விட வேண்டும். கால் ரெகுலேட்டரைப் பாதி மிதியில் நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தால் சூடேறும், எனவே இடையிடையே காலை எடுங்கள். மூன்று முள் பிளக்கும் எர்த்தும் கட்டாயம் தேவை. ஊசி மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கால் தவறிப் பட்டு விரலில் ஊசி இறங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடலூர் முதுநகரிலிருந்து ஒருவர்: 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது வீட்டுக்குள் தண்ணீர் வந்து, மோட்டார் பூட்டிய மிஷின் முழுவதும் நனைந்தது. அப்படியே பரணில் கிடக்கிறது. பிழைக்குமா?

தலைப்பகுதி பிழைக்க வாய்ப்பு அதிகம், மோட்டார் சந்தேகம். எக்காரணம் கொண்டும் மோட்டாரைச் சோதித்துப் பார்க்க பிளக்கில் சொருகாதீர்கள். மின் பணியாளர் அதைத் திறந்து, சுருளில் உப்பும் சேறும் இல்லை என்று உறுதி செய்யட்டும். தலையில் காய்ந்திருக்கும் சேற்றை முதலில் தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும், இல்லையென்றால் மணல் உள்ளே போய் அரைக்கும். பிறகு ஷட்டிலைக் கழற்றி, நான் மேலே அந்த அம்மாவுக்குச் சொன்ன மண்ணெண்ணெய் முறையை ஓரிரு நாள் பொறுமையாகச் செய்யுங்கள். சக்கரம் அசையவில்லை என்று பலத்தைக் காட்டினால் உள்ளே ஏதாவது வளையும். மரப்பலகை உப்பியிருந்தால் வெயிலில் வைக்காமல் நிழலில் உலர்த்துங்கள். தோல் பெல்ட்டை மட்டும் மாற்றிவிடுங்கள். நனைந்து காய்ந்த தோல் விறைத்துப்போய் நடுவில் அறும்.

அரியாங்குப்பத்திலிருந்து ஒரு பேரன்: பாட்டியின் பழைய மிஷினுக்குப் பாபின் வாங்க வேண்டும். கடையில் என்ன கேட்பது?

எதையும் கேட்க வேண்டாம், தம்பி. பழைய பாபினையும் பாபின் கேஸையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் பாபின்களின் உயரம் சிறிது வேறுபட்டாலும் கேஸுக்குள் அடைத்துக்கொள்ளும். கடையிலேயே புதுப் பாபினைக் கேஸில் போட்டு, தடையில்லாமல் சுற்றுகிறதா என்று விரலால் சுழற்றிப் பார்த்து, அரை டஜனாக வாங்கிக்கொள்ளுங்கள்.