வந்த அழைப்பை வெளி லைனுக்குத் திருப்புவது: கேள்வி பதில்

அலுவலகத்துக்கு வரும் அழைப்பை, அங்கே யாரும் எடுக்காமலே, இன்னொரு ஊரில் இருப்பவரின் எண்ணுக்குத் திருப்பிவிட வேண்டும். கேட்பதற்கு ஒரே ஒரு செட்டிங் போலத்தான் தெரியும். பல வருடங்களாக பிபிஎக்ஸ் (அலுவலகத்தின் உள் போன்களையும் வெளி லைன்களையும் இணைக்கும் பெட்டி) நிறுவிப் பராமரிக்கிறேன். அதிகமாகப் பிரச்சினை வரும் இடம் எனக்குத் தெரிந்து இதுதான். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

சார், நான் வரவேற்பில் இருக்கிறேன். வாடிக்கையாளர் அழைத்தால் ஹோல்டில் போட்டு, 9 அழுத்தி மேலாளரின் வெளியூர் எண்ணைப் போடுகிறேன். அவர் எடுக்கிறார். ஆனால் நான் ரிசீவரை வைத்த உடனே இருவருக்கும் கட் ஆகிவிடுகிறது. ஏன்?

உங்கள் கையில் தவறு இல்லை. ஒரு வெளி லைனை இன்னொரு வெளி லைனோடு இணைத்துவிட்டு நடுவில் இருப்பவர் விலகுவதற்கு ட்ரங்க் டு ட்ரங்க் ட்ரான்ஸ்ஃபர் என்று பெயர். பெரும்பாலான பிபிஎக்ஸ்களில் இது மூடியே வரும், காரணத்தோடுதான். நீங்கள் வைத்த பிறகு அந்த இரண்டு லைனையும் கவனிக்க உள்ளே ஆள் கிடையாது. நிர்வாகியிடம் சொல்லி உங்கள் எக்ஸ்டென்ஷனின் (உள் எண்ணின்) கிளாஸ் ஆஃப் சர்வீஸில், அதாவது அதற்கான அனுமதிப் பட்டியலில், மட்டும் திறக்கச் சொல்லுங்கள், மொத்த அலுவலகத்துக்கும் வேண்டாம். அதுவரை மூவர் கான்ஃபரன்ஸ் போட்டு, அவர்கள் பேசி முடிக்கும் வரை நீங்களும் லைனில் இருக்க வேண்டியதுதான்.

எங்களிடம் நான்கு லைன்தான். இப்படி இரண்டு அழைப்பைத் திருப்பினாலே எல்லாம் பிஸி ஆகிவிடுகிறது. வேறு வழி உண்டா?

வந்தது ஒரு லைன், போவது ஒரு லைன். பேசி முடிக்கும் வரை இரண்டும் பிடிபட்டிருக்கும். பிஆர்ஐ (ஒரே டிஜிட்டல் இணைப்பில் பல லைன்) வைத்திருந்தால் 30 சேனல் கிடைக்கும், ஆனால் அங்கேயும் கணக்கு இதேதான்.

லைனை மிச்சப்படுத்த வேண்டுமென்றால் திருப்புகிற வேலையை தொலைபேசி நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்சிடமே விடுங்கள். சாதாரண லைனில் கால் ஃபார்வர்டிங் வசதியைப் போட்டால் அழைப்பு உங்கள் பெட்டிக்கே வராமல் அங்கிருந்தே போய்விடும். சிப் ட்ரங்க் (இணைய முறையில் வரும் வெளி லைன்) என்றால், எடுப்பதற்கு முன்பே ‘இவர் இந்த எண்ணில் இருக்கிறார்’ என்று உங்கள் பெட்டி 302 எனும் பதில் அனுப்பலாம். எடுத்த பிறகு என்றால், ‘இந்த எண்ணுக்கு மாற்றிவிடு’ என்று கேட்கும் ரெஃபர் செய்தி. இந்த இரண்டையும் எல்லா நிறுவனமும் ஏற்பதில்லை, ட்ரங்க் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். எக்ஸ்சேஞ்ச் திருப்பினால் ஒரு குறை உண்டு: அழைப்பு உங்கள் பதிவில் விழாது.

அண்ணா, பேசி முடித்த பிறகும் கன்சோலில் இரண்டு லைன் விளக்கும் எரிந்துகொண்டே இருக்கிறது. பெட்டியை அணைத்துப் போட்டால்தான் போகிறது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கும் நடந்திருக்கிறது.

ஒரு அலுவலகத்தில் திங்கட்கிழமை காலை போனபோது இரண்டு சிவப்பு விளக்கு எரிந்தபடி இருந்தன. டெஸ்ட் போனைக் கிளிப் போட்டுக் கேட்டேன். ஒரு லைனில் பிஸி டோன். மறு லைனில் ஏதோ ஒரு கம்பெனியின் ஹோல்ட் இசை. வெள்ளிக்கிழமை மாலை யாரோ அழைத்திருக்கிறார். அழைப்பு தொலைதூர எண்ணுக்குத் திரும்பியிருக்கிறது. அந்த முனையில் ஹோல்டில் போட்டுவிட்டு மறந்துவிட்டார்கள், அழைத்தவர் சலித்துப்போய் வைத்துவிட்டார். மூன்று இரவு, இரண்டு பகல், பிஸி டோனும் இசையும் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டு இருந்திருக்கின்றன. தொலைதூரக் கட்டணம் முழுக்க ஓடியிருக்கிறது. அதைத் திறந்துவிட்டவன் நான்தான். அந்தக் காலையை நான் மறக்கவே இல்லை.

சாதாரண அனலாக் லைனில், எதிர்முனை வைத்துவிட்டது என்று பெட்டிக்குத் தானாகத் தெரியாது என்பதுதான் காரணம். உள்ளே ஆள் இருந்தால் டோனைக் கேட்டு வைத்துவிடுவார், லைனும் லைனும் மட்டும் இருந்தால் யார் வைப்பது? வழி மூன்று. எக்ஸ்சேஞ்ச் துண்டிப்பின்போது கம்பியின் துருவத்தை மாற்றியோ, மின்னோட்டத்தை ஒரு கணம் நிறுத்தியோ அடையாளம் தரும் என்றால், அதைக் கேட்டு வாங்கி பெட்டியிலும் இயக்குங்கள். இதுதான் நம்பகமானது. தராவிட்டால் பிஸி டோனை அடையாளம் காணும் வசதியைப் போடலாம். ஆனால் டோனின் அதிர்வெண்ணும், எத்தனை நொடி ஒலித்து எத்தனை நொடி நிற்கிறது என்ற தாளமும் உங்கள் எக்ஸ்சேஞ்சோடு பொருந்த வேண்டும். பெட்டியோடு வரும் மதிப்பு வேறு நாட்டுக்கானதாக இருக்கலாம். மூன்றாவது, இந்த இரண்டு இருந்தாலும் கட்டாயம் போட வேண்டியது: லைன்-லைன் அழைப்புக்கு நேர வரம்பு. நான் 30 நிமிடம் வைப்பேன்.

பிஆர்ஐ, சிப் இரண்டிலும் துண்டிப்பு ஒரு செய்தியாகவே வருவதால் இந்தத் தலைவலி அநேகமாக இல்லை. நேர வரம்பை மட்டும் அங்கேயும் விடாதீர்கள்.

திருப்பிய அழைப்பில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. கெய்னை (சத்த அளவை) ஏற்றினேன், எதிரொலி வந்துவிட்டது.

ஒரு அனலாக் லைனில் இழக்கிற சத்தத்தோடு இன்னொரு லைனின் இழப்பும் சேர்கிறது. கெய்னை ஏற்றினால், இரண்டு கம்பியில் போகிற குரலையும் வருகிற குரலையும் பிரிக்கும் ஹைபிரிட் சுற்று சரியாகப் பொருந்தாமல், குரல் திரும்பி வரும். இன்னும் ஏற்றினால் ஊளையிடும். முதலில் லைனின் இம்பிடன்ஸ் (மின்மறுப்பு) செட்டிங்கைச் சரிபாருங்கள். பிறகு ஒவ்வொரு டெசிபலாக ஏற்றிப் பாருங்கள். வெளியே போகிற பக்கத்தையாவது டிஜிட்டலுக்கு மாற்றினால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

மேலாளரின் போனில் வாடிக்கையாளர் எண்ணுக்குப் பதில் எங்கள் அலுவலக எண்ணே தெரிகிறது.

வெளியே போகும் அழைப்பு உங்கள் லைனில் பிறந்த புது அழைப்பு, அதனால்தான். அனலாக்கில் மாற்ற முடியாது. சிப்பில் அழைத்தவர் எண்ணை அனுப்பலாம், ஆனால் உங்களுக்குச் சொந்தமில்லாத எண்ணை நிறுவனம் தடுக்கும், மோசடி பயத்தால். திருப்பப்பட்ட அழைப்பு என்று சொல்லும் டைவர்ஷன் ஹெடரும் சேர்ந்து போனால் சில நிறுவனங்கள் விடும்.

வெளியூரில் இருக்கும் விற்பனை ஆட்கள் அலுவலகத்துக்கு அழைத்து, ரகசிய எண் போட்டு, அங்கிருந்தே எங்கள் தொலைதூர லைனை எடுத்துப் பேசும்படி டிஸா போட்டுத் தர முடியுமா?

போட முடியும். போடாதீர்கள் என்றே சொல்வேன்.

டிஸா என்றால் உங்கள் டயல் டோனை வாசலில் வைப்பது. நான்கு இலக்க ரகசிய எண்ணுக்கு 10,000 சேர்க்கைதான் உண்டு. கணினி வைத்து இரவு முழுக்க முயன்றால் கிடைத்துவிடும். கிடைத்தால் வார இறுதியில் எல்லா லைனிலும் வெளிநாட்டு அழைப்பு ஓடும், பில் உங்களுக்கு வரும். அதே ஆட்களுக்கு மொபைலில் சாஃப்ட்போன் (போன் போல வேலை செய்யும் செயலி) போட்டு விபிஎன் (பாதுகாப்பான தனி இணைய வழி) வழியாக எக்ஸ்டென்ஷனாகவே இணைத்துவிடுங்கள்.

விடவே முடியாது என்றால்: ஆளுக்கு ஒரு நீண்ட எண், மூன்று முறை தவறினால் பூட்டு, வெளிநாடு முழுக்க மூடல், அலுவலக நேரத்தில் மட்டும் அனுமதி. டிஸா போடாதவர்களும் வாய்ஸ்மெயிலைப் பாருங்கள். அதிலிருந்து வெளியே டயல் செய்யும் வசதி திறந்திருந்தால் அதுவும் இதே ஓட்டைதான். ஆஸ்டெரிஸ்க் (மென்பொருளாக வரும் பிபிஎக்ஸ்) வைத்திருப்பவர்கள், வெளியிலிருந்து வரும் அழைப்பு விழும் கான்டெக்ஸ்டில் (விதித் தொகுப்பில்) வெளியே டயல் செய்யும் விதி எதுவும் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘டெலிபோன் கம்பெனி, லைன் சோதனை, 9, 0, ஹேஷ் அழுத்திவிட்டு வையுங்கள்’ என்று ஒருவர் கேட்டார். செய்யலாமா?

செய்யவே கூடாது. சில பெட்டிகளில் அது அவரையே உங்கள் வெளி லைனில் மாற்றிவிடும். உண்மையான சோதனைக்கு உங்கள் விரல் தேவையில்லை.

மேலாளர் மொபைல் அணைந்திருந்தால் வாடிக்கையாளர் மேலாளரின் சொந்த வாய்ஸ்மெயிலில் போய் விழுகிறார்.

‘அழைப்பை ஏற்க 1 அழுத்தவும்’ என்ற உறுதிப்படுத்தலைப் போடுங்கள். இயந்திரம் 1 அழுத்தாது, அழைப்பு அலுவலகத்துக்கே திரும்பும்.

இரண்டு கிளைகளும் இரவில் ஒன்றையொன்று நோக்கித் திருப்பிவிட்டன. காலையில் எல்லா லைனும் நிரம்பிக் கிடந்தது. சிப்பில் சுற்றலைத் தடுக்க வழி இருக்கிறது என்றார்களே?

மேக்ஸ் ஃபார்வர்ட்ஸ் என்று ஒரு எண்ணிக்கை உண்டு. வழக்கமாக 70-இல் தொடங்கி, ஒவ்வொரு தாவலிலும் ஒன்று குறையும், பூஜ்யமானால் அழைப்பு நின்றுவிடும். ஆனால் பிபிஎக்ஸ் பழைய அழைப்பைக் கடத்துவதில்லை, புதிதாக ஒன்றைப் பிறப்பிக்கிறது. அப்போது எண்ணிக்கையும் பெரும்பாலும் புதிதாகவே தொடங்கும். அதனால் அதை நம்பாதீர்கள். திருப்பும் எண்ணுக்கு ஒரே நேரத்தில் இரண்டு அழைப்புக்கு மேல் போகாதபடி வரம்பு வையுங்கள். இரவு எண்ணாக கிளையின் பொது எண்ணைக் கொடுக்காமல் ஒரு ஆளின் எண்ணைக் கொடுங்கள்.

எல்லாம் போட்டுவிட்டேன் சார். சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மொபைலிலிருந்து அலுவலகத்துக்கு அழையுங்கள், திருப்பப்பட்ட எண்ணில் ஒருவரை எடுக்கச் சொல்லுங்கள். முதல் முறை நீங்கள் வையுங்கள், அடுத்த முறை அவர் வைக்கட்டும், மூன்றாம் முறை அவர் உங்களை ஹோல்டில் போட்ட பிறகு நீங்கள் வையுங்கள். ஒவ்வொரு முறையும் கன்சோல் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தி, இரண்டு விளக்கும் எத்தனை நொடியில் அணைகின்றன என்று எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது சோதனையில் விளக்கு அணையாவிட்டால், அன்று மாலையே திருப்பலை மூடிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.