சுண்டெலி வளர்ப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இரண்டு மாதங்களுக்கு முன் மகளின் பிடிவாதத்துக்காக ஒரு ஜோடி வெள்ளைச் சுண்டெலிகளை வாங்கினோம். இப்போது கூண்டில் சிறிதும் பெரிதுமாகப் பதினேழு இருக்கின்றன. என்ன செய்வது? (வாசகி, மதுரை)

பதில்: முதலில் இன்றைக்கே ஆண் எலியைப் பிரித்துத் தனிக்கூண்டில் விடுங்கள். சுண்டெலியின் சினைக்காலம் 19 முதல் 21 நாட்கள்தான். குட்டி ஈன்ற 24 மணி நேரத்துக்குள்ளேயே தாய் மறுபடியும் சினையாகிவிடக்கூடும் என்பதால், ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் இருக்கும்வரை ஒரு ஈற்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டே அது அடுத்த ஈற்றைச் சுமந்துகொண்டிருக்கும். ஆகவே ஆணைப் பிரித்த பிறகும் மூன்று வாரத்துக்குள் இன்னொரு முறை குட்டிகள் பிறந்தால் திகைக்க வேண்டாம்.

அடுத்தது குட்டிகள். மூன்று வாரத்தில் பால்குடி மறக்கும் இவை ஐந்து, ஆறு வாரத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடுவதால், நான்கு வாரம் நிறைவதற்குள் ஆண் குட்டிகளைத் தாயிடமிருந்தும் சகோதரிகளிடமிருந்தும் விலக்கிவிட வேண்டும். ஆண், பெண் பிரித்தறிவது கடினமன்று. பிறந்து பத்து நாட்கள் ஆகும்போது, ரோமம் இன்னும் அடராத வயிற்றில் பெண் குட்டிகளுக்கு மட்டும் முலைக்காம்புகள் புள்ளிகளாகத் தெரியும். வளர்ந்த எலியில், சிறுநீர்த் துளைக்கும் மலத்துளைக்கும் உள்ள இடைவெளி ஆணுக்கு அதிகம், பெண்ணுக்குக் குறைவு.

பெண் எலிகள் எத்தனை இருந்தாலும், கூண்டு போதிய அளவில் இருந்தால், ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்து ஒற்றுமையாக வாழும். தனியாக விடப்பட்டால்தான் வாடும். ஆண்கள் அப்படியல்ல. கூடப்பிறந்தவையே ஆனாலும் வளர்ந்தபின் வாலையும் முதுகையும் கடித்துக் குதறிக்கொள்ளலாம். இரத்தக் காயம் தென்பட்டால் உடனே பிரித்துவிடுங்கள். தனித்து வாழும் ஆணுக்கு நீங்கள்தான் துணை என்பதால், மாலையில் அரை மணி நேரமாவது அதைக் கையில் ஏறவிட்டுப் பழக்குங்கள். வாலின் நுனியைப் பிடித்துத் தூக்குவது மட்டும் வேண்டாம். குவித்த இரு கைகளால் அள்ளுவது நல்லது, அல்லது ஓர் அட்டைக்குழாய்க்குள் நுழையவிட்டுக் குழாயோடு எடுக்கலாம். மிஞ்சிய குட்டிகளைத் தோட்டத்தில் விட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கூண்டிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளை எலி வெளியில் ஒரு நாள் தாண்டாது. காக்கையோ பூனையோ முந்திக்கொள்ளும்.

கேள்வி: தினமும் கூண்டைப் பினாயில் ஊற்றிக் கழுவுகிறேன். ஆனாலும் ஆண் எலியின் நாற்றம் கூடிக்கொண்டே போகிறது. (வாசகர், திருச்சி)

பதில்: நாற்றம் கூடுவதற்குப் பெரும்பாலும் காரணம் நீங்கள் தினமும் கழுவுவதுதான். சுண்டெலிக்குக் கண்பார்வை மங்கல். அதன் உலகம் மோப்பத்தால் ஆனது. இது என் இடம், இது என் கூட்டம், இது என் வழி என்பதையெல்லாம் சிறுநீர்த் துளிகளால் அது எழுதி வைக்கிறது. ஆணின் சிறுநீரில் உள்ள ஒருவகைப் புரதம் வாசனைப் பொருளைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல வெளிவிடுவதால் அந்த எழுத்து நெடுநேரம் அழியாமல் நிற்கும். நீங்கள் முழுவதையும் துடைத்தெடுத்தால் அது பதறிப்போய் முன்னிலும் மும்முரமாக மறுபடி எழுதத் தொடங்கும். இதனால் நாற்றம் கூடுகிறது. ஆண்கள் சேர்ந்திருக்கும் கூண்டிலானால் சண்டையும் கூடுகிறது.

ஈரமான மூலையை மட்டும் இரண்டு நாளுக்கு ஒருமுறை அள்ளி எடுங்கள். வாரம் ஒருமுறை விரிப்பை மாற்றும்போது, எலி தானே கிழித்துக் கட்டிய படுக்கையில் சிறுநீர் படாத ஒரு கைப்பிடியைப் புதிய விரிப்பின்மேல் திரும்ப வையுங்கள். கூண்டைக் கழுவ மிதமான சோப்பும் வெந்நீரும் போதும். கழுவியபின் வெயிலில் காய வையுங்கள். பினாயிலின் ஆவி இவற்றின் நுரையீரலுக்குக் கேடு. நறுமணம் வீசும் பைன், தேவதாருச் சீவல்களும் அப்படியே. தச்சுப்பட்டறை மரத்தூளும் தூசி பறப்பதால் ஆகாது. மணமற்ற காகிதத் துண்டுகளைக் கனமாகப் பரப்பினால் தோண்டி விளையாடவும் இடம் கிடைக்கும்.

கேள்வி: எங்கள் எலி தும்முகிறது, கண்ணோரம் சிவப்பாகக் கசிகிறது. இரத்தமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பெரும்பாலும் இரத்தமாக இராது. கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியிலிருந்து வரும் செந்நிற நீர் அது; உடல்நலம் குன்றும்போதும் மன அழுத்தத்தின்போதும் மிகுதியாகக் கசியும். எலியைக் காதருகே பிடித்துக் கேளுங்கள். மூச்சில் ‘டிக் டிக்’ என்ற ஒலி வந்தால், மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரியால் வரும் சுவாசத் தொற்றாக இருக்கக்கூடும். அதற்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவை. 30 கிராம் எடைகூடப் பெரும்பாலும் எட்டாத ஓர் உயிருக்கு மருந்தின் அளவைக் கால்நடை மருத்துவரே கணக்கிட வேண்டும். உள்ளூரில் சிறு பிராணிகளைப் பார்ப்பவர் இல்லையென்றால் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மனிதருக்கான மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: அக்னி நட்சத்திர வெயிலை இவை தாங்குமா? (வாசகி, வேலூர்)

பதில்: உங்கள் ஊரில் இது நியாயமான கவலை. சுண்டெலிக்கு மேனி வியர்க்காது. வால் வழியாக வெப்பத்தை வெளியேற்றியும் எச்சிலை மேலே தடவிக்கொண்டும்தான் அது சமாளிக்கிறது. அறை 35 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. கண்ணாடித் தொட்டி சூட்டை அடக்கி வைக்கும் என்பதால் கோடையில் கம்பிக் கூண்டே மேல். ஆனால் கம்பிகளின் இடைவெளி 6 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, தலை நுழைந்தால் உடலும் நுழைந்துவிடும். சிறிய மண்கலயம் ஒன்றைச் சாய்த்துக் கூண்டுக்குள் வையுங்கள். அதன் குளிர்ச்சியை எலி தானே கண்டுபிடித்துப் போய்ப் படுத்துக்கொள்ளும். தண்ணீர்ப் புட்டி அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று நாளுக்கு இருமுறை பாருங்கள்.

கேள்வி: சமையலறையில் பொறியில் சிக்கிய சுண்டெலிக் குஞ்சை வளர்க்கலாமா? (பள்ளி மாணவர், காரைக்குடி)

பதில்: வேண்டாம். வீட்டுச் சுண்டெலியும் கடையில் விற்கும் வெள்ளைச் சுண்டெலியும் ஒரே இனந்தான் என்றாலும், வெளியில் திரிவது எலிக்காய்ச்சல் போன்ற நோய்களைச் சுமந்து வரக்கூடும்; கைக்கு அடங்கும் சுபாவமும் அதற்கு எளிதில் வராது. ஆசை உண்மையானதென்றால் அப்பா அம்மாவிடம் சொல்லி, இரண்டும் பெண்ணாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். அவை வாழ்வது சுமார் இரண்டு ஆண்டுகள் என்பதையும் வாங்குமுன்பே தெரிந்துகொள்ளுங்கள்.