பக் (ஐஸ் ஹாக்கியின் ரப்பர் வட்டு) கையில் இல்லாதபோது என்ன செய்கிறான்?

தேவிபட்டினத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: என்எச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு முன்னால், ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் பையன்களின் கோல் கணக்கைத்தானே பார்ப்பார்கள்?

கணக்கை வீட்டிலிருந்தே பார்க்கலாமே தம்பி, அதற்கு எதற்கு ரிங்க் (பனி ஆடுகளம்) வரை போக வேண்டும்? நேரில் போகிறவர் பக்கைவிட ஆளைத்தான் பார்ப்பார். பக் வருமுன் தோளுக்கு மேல் திரும்பி ஒரு நோட்டம் விடுகிறானா, பறிகொடுத்ததும் தலையைத் தொங்கப் போடாமல் தன் கோல் பக்கம் விரைகிறானா என்று. நம்ம மண்டபம் பக்கம் கபடியில் ரெய்டரை விட்டுவிட்டுக் கார்னர்க்காரனின் காலைக் கவனிக்கிற பெரியவர்கள் இல்லையா, அப்படி. உயரம், எடையும் பார்ப்பார்கள்தான். ஆனால் 18 வயதில் உடம்பு இன்னும் தேறும்.

உதாரணத்துக்கு, ரஷ்ய வீரர் பாவெல் டாட்சுக்கை 1998 டிராஃப்டில் டெட்ராய்ட் அணி எடுத்தபோது அவர் 171-ஆவது ஆள். அப்புறம் இரண்டு ஸ்டான்லி கோப்பை, தற்காப்பில் சிறந்த முன்கள வீரருக்கான செல்கே விருது மூன்று முறை.