வாசகர் கேள்வி – பதில்: தராசில் ஏறிய பருத்தி, பட்டியலில் ஏறாத பெயர்

அமெரிக்க அடிமைமுறைக் காலத்து அன்றாட வாழ்க்கை பற்றி வந்த கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: பருத்திப் பண்ணையில் ஓர் அடிமை நாளொன்றுக்கு எவ்வளவு பறிக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்தார்கள்?

பதில்: தராசுதான் முடிவு செய்தது. சுதந்திர மனிதராக இருந்து 1841-ல் வாஷிங்டனில் கடத்தப்பட்டு லூசியானாவில் விற்கப்பட்ட சாலமன் நார்த்தப், விடுதலையான 1853-லேயே வெளியிட்ட தன் வரலாற்றில் இதை விவரமாகச் சொல்கிறார். புதிதாக வந்தவரை முதல் நாள் சவுக்கால் அடித்து விரட்டி, முடிந்த மட்டும் வேகமாகப் பறிக்க வைப்பார்கள். அன்று மாலை நிறுத்த எடைதான் அவருடைய கணக்கு. மறுநாள் அது குறைந்தால் அடி. பத்து, இருபது பவுண்டு கூடிவிட்டாலோ, அந்தக் கூடுதலையும் சேர்த்து அடுத்த நாள் கேட்பார்கள். ஆகவே கூடையைச் சுமந்துகொண்டு அரவைக் கொட்டகைக்கு நடக்கிற ஒவ்வொரு மாலையும் பயம்தான். வழக்கமான அளவு 200 பவுண்டு, அதாவது சுமார் 90 கிலோ.

ஆகஸ்ட் கடைசியில் பறிப்பு தொடங்கும். கழுத்தில் மாட்டிய வாரில் சாக்கு தொங்கும். அதன் வாய் நெஞ்சு உயரத்தில், அடிப்பக்கம் ஏறக்குறைய தரையில். சாக்கு நிறைந்ததும் கூடையில் கொட்டி மிதித்து அமுக்க வேண்டும். வெடித்த காயின் ஓடு காய்ந்து முள்ளாக நிற்கும். அவசரமாகக் கைவிட்டால் விரல் நுனி கிழியும். நிதானமாகப் பறித்தால் எடை குறையும். கிளையை ஒடித்துவிடவும் கூடாது, ஒடிந்த கிளையில் மேற்கொண்டு காய் பிடிக்காது.

எடை போட்ட பிறகும் வேலை முடிந்தபாடில்லை. கோவேறு கழுதைகளுக்குத் தீனி வைத்து, பன்றிகளைக் கவனித்து, விறகு வெட்டிப் போட்ட பிறகுதான் குடிசைக்குத் திரும்பலாம். அதன் பிறகு தன் மக்காச்சோளத்தைத் தானே கையால் அரைத்து இராச் சாப்பாடு செய்ய வேண்டும்.

கேள்வி: சாப்பிட என்ன கொடுத்தார்கள்?

பதில்: நார்த்தப் இருந்த இடத்தில் ஒருவருக்கு வாரம் மூன்றரை பவுண்டு உப்புப் பன்றிக்கறி, ஒரு 'பெக்' மாவு வரும் அளவுக்கு மக்காச்சோளம். பெக் என்பது சுமார் 9 லிட்டர் கொள்ளும் அளவு. அடிமையாகப் பிறந்து, தப்பித்து, பின்னாளில் தன் வாழ்க்கையை எழுதிய ஃபிரெடரிக் டக்ளஸ் மேரிலாந்தில் வளர்ந்த பண்ணையில் மாதம் 8 பவுண்டு பன்றிக்கறி அல்லது மீன், ஒரு 'புஷெல்' மாவு. நான்கு பெக் சேர்ந்தது ஒரு புஷெல் என்பதால், இரண்டு இடத்திலும் மாவு ஏறக்குறைய ஒன்றுதான், கறியில்தான் வித்தியாசம். வயிறு நிரம்பலாம், உடம்புக்குப் போதாது. காய், கீரை, பால் எதுவும் அந்த அளவுக்குள் வராது. இரவில் மீன் பிடித்தும், சிறு விலங்குகளை வேட்டையாடியும், குடிசையோரத்தில் சர்க்கரைவள்ளி, வெண்டை, தட்டைப்பயறு போட்டும் அவர்களே ஈடுகட்டினார்கள். வெண்டையும் தட்டைப்பயறும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பயிர்கள்.

வயலுக்குப் போகாத சிறு பிள்ளைகளுக்கு, டக்ளஸ் சொல்வதுபடி, ஆண்டுக்கு இரண்டு முரட்டுச் சட்டைகள் மட்டும். கிழிந்துவிட்டால் அடுத்த வருடம் துணி கொடுக்கும் நாள்வரை அம்மணம்.

கேள்வி: தென் கரோலினாவின் செல்வம் நெல்லால் வந்தது என்கிறார்களே, அது எப்படி?

பதில்: தென் கரோலினா, ஜார்ஜியா கடலோரச் சதுப்புக் காடுகளை வெட்டி, கரை எழுப்பி, வாய்க்கால் தோண்டி வயலாக்கியவர்கள் அடிமைகள். அவர்களில் பலர் செனகாம்பியா, சியரா லியோன் போன்ற நெல் விளையும் மேற்கு ஆப்பிரிக்கப் பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். உடலுழைப்போடு அவர்களுடைய வேளாண் அறிவையும் முதலாளிகள் எடுத்துக்கொண்டார்கள். அந்த அறிவுக்கு உரியவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்காமல் போனது பெரிய அநியாயம்.

பாசனம் கடலின் ஏற்றவற்றத்தை நம்பியது. கடல் ஏறும்போது ஆற்றின் நன்னீர் பின்னுக்குத் தள்ளப்பட்டு மட்டம் உயரும். அப்போது மதகைத் திறந்தால் வயல் நிரம்பும். கடல் வற்றும்போது திறந்தால் வடியும். ஆரம்பத்தில் குடைந்த மரத்தண்டையே மதகாக வைத்ததால் அதற்கு 'டிரங்க்' என்றே பெயர் நிலைத்தது. வறட்சியில் ஆறு மெலிந்தால் உப்புநீர் மேலேறி வரும். அதை அறியாமல் மதகைத் திறந்தால் பயிர் போய்விடும். அதனால் மதகு பார்ப்பவர் அனுபவமுள்ள ஆளாகவே இருப்பார்.

அறுத்த நெல்லை அடித்துப் பிரித்தபின் உரலில் குத்த வேண்டும். மரக்கட்டையைக் குடைந்த உரல், நீள உலக்கை. வேகமாக ஓங்கிக் குத்தினால் அரிசி நொறுங்கிக் குருணையாகும், குருணைக்குச் சந்தையில் விலை குறைவு. மெதுவாகக் குத்தினால் உமி போகாது. எவ்வளவு ஓங்குவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் கைப்பழக்கம். பிறகு கோரைப்புல்லைச் சுருள் சுருளாகச் சுற்றித் தைத்த தட்டையான கூடையில் புடைப்பார்கள். அந்தக் கூடை முடையும் கலை சார்ல்ஸ்டன் பகுதியில் இன்றும் உயிரோடிருக்கிறது.

இங்கே வேலையைப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள்: வழக்கமான ஒரு பங்கு கால் ஏக்கர், பக்கத்துக்கு 105 அடி. அதை முடித்தவருக்கு மீதிப் பொழுது சொந்தம். அப்படிக் கிடைத்த நேரத்தில் கோழி, பன்றி வளர்த்துச் சேமித்தவர்களும் உண்டு. ஆனால் இதை வைத்து நெல் வயல் வாழ்க்கை இலேசானது என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். கோடையில் மலேரியாவுக்குப் பயந்து முதலாளி குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விடுவார். தேங்கிய நீரில் நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள்.

கேள்வி: 1863-ல் லிங்கன் எல்லா அடிமைகளையும் விடுவித்துவிட்டாரா?

பதில்: இல்லை. 1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனம், உள்நாட்டுப் போரில் கிளர்ச்சி செய்த தென் மாநிலங்களுக்கு மட்டும். டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி அதில் இல்லை. டென்னசியும் லூசியானா, வர்ஜீனியாவின் சில பகுதிகளும் விலக்கப்பட்டன. டெக்சாஸின் கால்வெஸ்டனில் விடுதலை உத்தரவு வாசிக்கப்பட்டது 1865 ஜூன் 19-ல். கென்டக்கி, டெலவேர் அடிமைகள் 1865 டிசம்பரில், அடிமைமுறையை ஒழித்த 13-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வரும்வரை காத்திருந்தார்கள்.

கேள்வி: அடிமைகளின் வாரிசுகள் தங்கள் முன்னோர்களை எப்படித் தேடுகிறார்கள்?

பதில்: இன்றிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான் விடுதலை பெற்ற எல்லோரையும் பெயரோடு பதிய முயன்ற முதல் கணக்கெடுப்பு. 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் எஜமானின் பெயர் இருக்கும். அடிமைக்கு வயது, பால், நிறம் மட்டும். பெரும்பாலும் பெயர் இராது. '22, பெண், கறுப்பு' என்ற வரி யாருடைய பாட்டி என்று எவரால் சொல்ல முடியும்?

பலர் தவறுவது குடும்பப் பெயரில். விடுதலையானவர்கள் கடைசி எஜமானின் பெயரைத்தான் வைத்துக்கொண்டார்கள் என்று எண்ணி அந்த ஒரு குடும்பத்தையே தேடுவார்கள். முந்தைய எஜமானின் பெயரை வைத்தவர்களும் உண்டு, புதுப்பெயர் சூடியவர்களும் உண்டு. அதனால் 1870-ல் அக்கம்பக்கத்தில் வசித்தவர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து, விடுதலையானவர்களுக்காக 1865 முதல் 1874 வரை இயங்கிய ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கியின் பதிவேடுகள். கணக்குத் திறந்தவரின் பெற்றோர், உடன்பிறந்தார் விவரமும், சிலவற்றில் பழைய எஜமானின் பெயரும் இருக்கும். எஜமான் யாரென்று தெரிந்துவிட்டால், அவர் இறந்தபோது எழுதப்பட்ட சொத்துப் பட்டியலைக் கவுண்டி (மாவட்ட) நீதிமன்றத்தில் தேடலாம். மாடு, கட்டில், ஏர் இவற்றுக்கு நடுவே அடிமைகளின் முதற்பெயர்கள் டாலர் மதிப்போடு நிற்கும். படிக்கக் கை நடுங்கும், ஆனாலும் அங்கேதான் பெயர் கிடைக்கிறது.

உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்த கறுப்பினப் படைவீரர்கள் சுமார் 1,79,000 பேர். குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்தால் அவருடைய ஓய்வூதியக் கோப்பை முதலில் தேடுங்கள். அடிமைத் திருமணத்துக்குச் சட்டப் பதிவு கிடையாது. ஆகவே விதவை, தான் மனைவிதான் என்பதைச் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டியிருந்தது. கல்யாணத்தைப் பார்த்தவர், பிரசவம் பார்த்தவர், ஒரே பண்ணையில் வளர்ந்தவர் எல்லோரும் வந்து சொன்னதை எழுத்தர் எழுதிக்கொண்டார். எந்தப் பட்டியலிலும் ஏறாத பெயர்கள் அந்தக் கோப்புகளில் ஒருவர் வாயால் இன்னொருவருக்காகச் சொல்லப்பட்டிருக்கின்றன.