கிளைன் என்றாலே யூதரா?

கேள்வி: இயற்பியல் முதுகலை படிக்கிறேன். கிளைன் குப்பி, கிளைன்–கோர்டன் சமன்பாடு, கால்வின் கிளைன் ஆடைகள் ஆகியவற்றில் வரும் கிளைன்கள் ஒரே குடும்பத்தினரா? அந்தப் பெயருடைய எல்லாரும் யூதர்கள் என்கிறார்கள் உடன் படிப்பவர்கள். கருத்தரங்கக் கட்டுரையில் அப்படி எழுதலாமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: எழுத வேண்டாம். பெயர்தான் ஒன்று, குடும்பங்கள் வேறு வேறு. உள்புறம், வெளிப்புறம் என்ற வேறுபாடில்லாத அந்தக் குப்பி வடிவத்தை 1882-இல் விவரித்த கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன், டுசல்டார்ஃப் நகரில் புரட்டஸ்தாந்துக் குடும்பத்தில் பிறந்து, தத்துவ அறிஞர் ஹெகலின் பேத்தியை மணந்தவர். 1926-இல் குவாண்டம் இயற்பியலின் அந்தச் சமன்பாட்டை வெளியிட்ட இயற்பியலாளர் ஆஸ்கர் கிளைன் ஸ்வீடனில் பிறந்த யூதர். அவருடைய தந்தை ஹங்கேரியிலிருந்து வந்து ஸ்டாக்ஹோமின் தலைமை ரபியாக (யூத மதகுருவாக) விளங்கியவர். கால்வின் கிளைன் நியூயார்க் நகர யூதக் குடும்பத்தில் பிறந்தவர்.

நம் ஊர்களில் ஒரே பெயருள்ள இருவரைப் பெரிய முருகன், சின்ன முருகன் என்று பிரித்து அழைப்பதைப் போல, இடைக்கால ஜெர்மானியரும் குள்ளமானவரையோ இளையவரையோ ‘சிறிய’ என்று பொருள்படும் கிளைன் என்ற சொல்லால் குறித்தனர். ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல ஊர்களில் இப்படித் தனித்தனியே தோன்றிய அடைமொழி, காலப்போக்கில் குடும்பப் பெயராக நிலைத்தது. இன்று ஜெர்மனியில் மிகப் பரவலான முதல் 20 குடும்பப் பெயர்களுள் அதுவும் ஒன்று. ரைன்லாந்து, சார்லாந்து முதலிய மேற்குப் பகுதிகளிலும் அண்டை நாடான லக்சம்பர்க்கிலும் அதிகம். ஜெர்மனியில் அதைத் தாங்குவோரில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவ மரபினரே.

யூதர்களிடம் அது பரவிய வழி வேறு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அவர்களில் மிகப் பலர் தம் பெயருடன் தந்தையின் பெயரையே சேர்த்து வழங்கினர். 1787-இல், ஆஸ்திரியாவையும் ஹங்கேரியையும் ஆண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் ஜோசப் நிலையான ஜெர்மன் குடும்பப் பெயரை அவர்களுக்குக் கட்டாயமாக்கினார். 1808-இல் நெப்போலியனும், 1812-இல் அன்றைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவும் நிலையான குடும்பப் பெயரை வலியுறுத்தும் ஆணைகளைப் பிறப்பித்தனர். ஹங்கேரிய யூதரிடையே கிளைன், குரோஸ், ஷ்வார்ட்ஸ், வைஸ் என்னும் நான்கும் மிகவும் பெருகின. ஆளைப் பார்த்து, சிறியவர், பெரியவர், கறுப்பர், வெள்ளையர் என்று அதிகாரிகள் பெயர் சூட்டினார்கள் என்ற செவிவழிக் கதையும் அங்கே உண்டு. பின்னாளில் மகியார் (ஹங்கேரிய மொழி) பெயருக்கு மாறிய கிளைன்களில் சிலர், அதே போல் ‘சிறிய’ என்று பொருள்படும் கிஷ் என்பதைச் சூடிக்கொண்டனர்.

குடும்பப் பெயர் மதத்தைக் காட்டாது என்பதற்கு மிகக் கொடிய சான்று நாஜிகளின் சட்டமே. யூதர் எனத் தனித்துத் தெரியும் முதற்பெயர் இல்லாத ஆண்கள் இஸ்ரேல் என்றும், பெண்கள் சாரா என்றும் கூடுதல் பெயர் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 1938 ஆகஸ்டில் ஆணையிட்டார்கள். குடும்பப் பெயரே காட்டிக்கொடுத்திருந்தால் இந்த ஆணைக்குத் தேவையே இருந்திராது.

ஒருவரின் பின்னணியை அறிய வேண்டுமானால் பிறந்த ஊர், பெற்றோர், தேவாலயத்திலோ யூத சமூகத்திலோ பதிவான பிறப்பேடு ஆகியவற்றைத்தான் தேட வேண்டும். ஆஸ்கர் கிளைன் ரபியின் மகன் என்பதைக் கட்டுரையில் தாராளமாகக் குறிப்பிடுங்கள். ஃபெலிக்ஸ் கிளைனை யூதர் என்று எழுதாதீர்கள்.