கேட்டதும் சொன்னதும்: தேக்கு மிதப்பது எப்படி?

கேள்வி: பச்சைத் தேக்கு ஆற்றில் அமிழ்ந்துவிடுகிறது, காய்ந்தது மிதக்கிறது. ஒரே மரம்தானே? (வாசகர், மோல்மேன்)

பதில்: மரத்தின் நார்ச்சுவர் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. எந்த மரத்தையும் மிதக்க வைப்பது அதன் நுண்துளைகளில் உள்ள காற்றுதான். பச்சை மரத்தில் அந்த இடத்தைச் சாறு பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் பர்மாவில் தேக்கை உடனே வெட்டாமல் விட்டார்கள். அடியில் பட்டையையும் வெளிமரத்தையும் தாண்டி வைரம் (கெட்டியான நடுமரம்) வரை வளையமாகச் செதுக்கி, நின்றபடியே 2, 3 ஆண்டுகள் உலர விட்டார்கள். வளையம் முழுதாகச் சுற்றி வராமல் வெளிமரம் சிறிது மிஞ்சினாலும் சாறு ஏறும், மரம் காயாது. தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், நன்கு காய்ந்த தேக்கின் அடர்த்தி சுமார் 0.65. ஐராவதியில் தெப்பமாக ரங்கூன் வரை வந்தது இப்படித்தான். பின்காடோ என்ற பர்மியக் கடினமரம் காய்ந்தாலும் தண்ணீரின் அடர்த்தியை ஒட்டியே நிற்கும். மூங்கில் கட்டித்தான் மிதக்க விட வேண்டும்.

வீட்டிலேயே அளக்கலாம். ஒரே தடிமனுள்ள 20 செ.மீ. குச்சியைக் குறுகலான, உயரமான கண்ணாடிக் குழாயில் நிறைய நீர் விட்டுச் செங்குத்தாக இறக்குங்கள். 13 செ.மீ. மூழ்கினால் 13ஐ 20ஆல் வகுக்க வேண்டும்: 0.65. அகன்ற பாத்திரம் உதவாது, குச்சி படுத்துவிடும். ஒட்டியிருக்கும் குமிழிகளைத் தட்டிவிட்டு உடனே குறித்துக்கொள்ளுங்கள். தாமதித்தால் மரம் நீரை உறிஞ்சி அளவு கூடிவிடும். குச்சியின் முனைகளில் மெழுகு பூசினால் இந்தத் தொல்லை குறையும்.