உண்ணிச்செடி யானை, சங்கு மயில், செருப்பு ஒட்டகச்சிவிங்கி: வாங்கும் முன் விசாரியுங்கள்

வினோதமான பொருள்களில் செய்த விலங்கு உருவங்களைப் பற்றி வந்த கடிதங்களில் ஐந்து இங்கே. உருவத்தைப் பார்த்து மயங்கி, மூலப்பொருளை விசாரிக்க மறந்தவர்கள்தான் பெரும்பாலும் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் விடுதி முகப்பில் உண்ணிச்செடிக் குச்சிகளால் செய்த யானையை நிறுத்த ஆசை. ஆனால் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. காட்டில் சும்மா கிடக்கும் களைக்கா இவ்வளவு? வெயில், மழையைத் தாங்குமா? (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: களை சும்மாதான் கிடக்கிறது. அதை யானையாக்கும் வேலைக்குத்தான் விலை. லாண்டானா என்கிற உண்ணிச்செடி, வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் பூவின் அழகுக்காக இங்கே கொண்டுவந்தார்கள். இன்று முதுமலை, பந்திப்பூர், சத்தியமங்கலம் காடுகளில் புல் முளைக்க இடம்விடாமல் மண்டிக் கிடக்கிறது. இலையில் நஞ்சு இருப்பதால் ஆடுமாடு தின்றால் நோய்ப்படும்.

இந்தக் குச்சியில் முழு அளவு யானை செய்வதில் பேர்பெற்ற இடம் கூடலூர். பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் சமூகத்துக் கைவினைஞர்கள் அங்கே செய்த யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024இல் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் தொடங்கி நியூயார்க் வீதிவரை போயின. அந்தப் பக்கத்தில் நடமாடும் உண்மையான யானைகளைப் பார்த்து, ஒவ்வொன்றையும் தனித்தனி முகத்தோடு செய்கிறார்கள். வெட்டிய குச்சியைப் பெரிய கொப்பரையில் வேகவைத்துப் பட்டையை உரிக்க வேண்டும். சூடும் ஈரமும் இருக்கும்போதே இரும்புக் கம்பிச் சட்டத்தின்மேல் வளைத்து ஆணி அடிக்க வேண்டும். ஆறிவிட்டால் குச்சி சொன்ன பேச்சைக் கேட்காது.

பார்க்கப் போகும்போது தூரத்தில் நின்று ரசித்துவிட்டு வந்துவிடாதீர்கள். காது மடலின் ஓரத்துக்கும் துதிக்கை வளைவுக்கும் பக்கத்தில் போய்ப் பாருங்கள். அவசர வேலையில் அங்கேதான் குச்சி பிளந்திருக்கும், ஆணி துருத்திக்கொண்டிருக்கும். பட்டை உரிக்காத குச்சிகள் தென்பட்டால் வேண்டாம், பூச்சி அங்கிருந்துதான் தொடங்கும். பிரம்பையோ மூங்கில் சிம்பையோ சாயமேற்றி உண்ணிச்செடி என்று விற்பவர்களும் உண்டு. பிரம்பு ஒரே சீராக, வழுவழுப்பாக இருக்கும். உண்ணிச்செடி கோணலும் கணுவுமாக இருக்கும். அதன் இளங்குச்சியை விரலிடுக்கில் உருட்டினால் நான்கு விளிம்புகள் நெருடும்.

உள்ளே இருக்கும் கம்பிக்குத் துரு பிடிக்காத பூச்சு அடித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். குச்சிக்குமுன் சட்டம் போய்விட்டால் யானை மண்டியிட்டுவிடும். கூரையுள்ள முகப்பில் நிறுத்தி, அவ்வப்போது எண்ணெய்ப் பூச்சு கொடுத்தால் நெடுநாள் நிற்கும். திறந்தவெளியில் மழையில் நனையவிட்டால் ஆயுள் குறையும், இதை விற்பவரே ஒப்புக்கொள்ள வேண்டும். “பத்து வருடம் கேரண்டி” என்று வாயால் சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

“இதை வாங்கினால் காட்டைக் காப்பாற்றுகிறீர்கள்” என்று சொல்லி விலையை ஏற்றினால் கொஞ்சம் தள்ளுபடி செய்தே காதில் வாங்குங்கள். உண்ணிச்செடியை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடியும் தழைக்கும். வேரோடு எடுத்து, அந்த இடத்தில் உள்ளூர்ப் புல்லையும் மரத்தையும் வளர்த்தால்தான் காடு மீளும். குச்சி வெட்டும் கூலியும் யானை செய்யும் கூலியும் காட்டோரக் குடும்பங்களுக்குப் போகிறதே, அது பெரிய விஷயம். அந்தக் காரணத்துக்காக வாங்குங்கள். யார் செய்தார்கள், எந்த வனப்பகுதிக் குச்சி, வெட்ட அனுமதி உண்டா என்ற மூன்றுக்கும் தடுமாறாமல் பதில் சொல்கிறவரிடம் பேரம் பேசவும் எனக்கு மனம் வராது.

கேள்வி: யானை முடி மோதிரம் அணிந்தால் பயம் போகும் என்கிறார்கள். தங்கத்தில் கட்டி விற்கிறார்கள். அசல் எது, போலி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (கும்பகோணம் வாசகி)

பதில்: கண்டுபிடித்து என்ன செய்யப்போகிறீர்கள் அம்மா? அசலாக இருந்தால் குற்றம், போலியாக இருந்தால் மோசடி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு யானை. அதன் உடற்பாகத்தில் செய்த பொருளை விற்பதும் வாங்குவதும் குறைந்தது மூன்று ஆண்டு சிறைக்குக் கொண்டுபோய் விடக்கூடியது. கோயில் யானையின் வாலிலிருந்து விழுந்ததுதான் என்ற சமாதானம் எடுபடாது. கடைகளில் கிடைப்பதில் நிறைய நைலான் இழை, அதற்குத் தங்கக் கட்டு ஒரு கேடு. பயம் போக வேண்டியவர் பயத்தை விலைக்கு வாங்க வேண்டாம்.

கேள்வி: ராமேஸ்வரத்தில் சிப்பி, சங்குகளால் செய்த மயில் ஒன்று வாங்கினேன். நீலம், பச்சைச் சாயம் பூசிய சிப்பித் தோகை, அடியில் வெள்ளையாகக் கிளை கிளையாக ஒரு பீடம். சட்டத்துக்கு விரோதம் என்று மகன் பயமுறுத்துகிறான். பில் இல்லை. (மதுரை வாசகர்)

பதில்: மயிலைவிட அது நிற்கும் பீடம்தான் எனக்குக் கவலை. நீங்கள் சொல்லும் வெள்ளைக் கிளை பவளமாக இருக்கலாம். பாறை அமைக்கும் பவளங்கள் எல்லாமே, மேலே யானைக்குச் சொன்ன அதே சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்துக் கரை ஒதுங்கியது என்றாலும் விற்கக்கூடாது. விசிறிபோல விரியும் பவள வகையான கடல் விசிறியும் கடல்குதிரையும் அப்படியே. ரெசினுக்குள் கடல்குதிரையை அடைத்துச் சாவிக்கொத்து என்று விற்கிறார்களே, அதையும் தொடாதீர்கள்.

சிப்பி, சங்கு எல்லாமே தடை என்று நினைக்க வேண்டியதில்லை. பூஜைக்கு வைக்கும் வலம்புரி, இடம்புரிச் சங்கு இனம் தடைப்பட்டியலில் கிடையாது. சாதாரணச் சோழிகளும் சிறு சிப்பிகளும் பெரும்பாலும் பிரச்சினை தராது. ஆனால் பெரிய கடல் ஓடுகளான நாட்டிலஸ், கொம்புத் தலைச்சங்கு, டிரைட்டன் சங்கு, ராட்சத மட்டி போன்றவற்றைக் காசு கொடுத்து வாங்கக்கூடாது. விளக்கு மூடியாகவும் அலங்காரக் கிண்ணமாகவும் கைக்கு வருபவை பெரும்பாலும் இவைதான்.

“கரையில் பொறுக்கியது சார்” என்பார்கள். அலையில் உருண்டு கரைக்கு வந்த சிப்பி தேய்ந்து, வெளுத்து, ஓரம் உடைந்திருக்கும். பளபளவென்று முழுசாக மின்னுவது பெரும்பாலும் உயிரோடு வலையில் வந்தது. கடைக்காரரை மட்டும் குறைசொல்ல மாட்டேன். மன்னார் வளைகுடாவில் அள்ளப்படுவது பல கை மாறித்தான் அவரிடம் வருகிறது.

பீடத்தின் மேற்பரப்பை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். பூ இதழ்போல உள்தடுப்புகள் கொண்ட சின்னஞ்சிறு குழிகள் நெருக்கமாக இருந்தால் பவளம். வழவழப்பாக, அச்சில் வார்த்த கோடு தெரிந்தால் பிளாஸ்டர். பவளமாக இருந்தால் யாருக்கும் பரிசளிக்காமலும் விற்காமலும் அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் விவரம் சொல்லி ஒப்படையுங்கள். இனி பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில்லில் “ஷெல் ஐட்டம்” என்று மொட்டையாக எழுதாமல் எந்தச் சிப்பி என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் நமக்கு வேலை இல்லை.

கேள்வி: கென்யாவில் கடற்கரைச் செருப்புகளைச் சேர்த்துச் செய்கிற ஒட்டகச்சிவிங்கி என்று இணையத்தில் வாங்கினேன். வந்தது ஒரே அச்சில் வார்த்த பொம்மை, பெயின்ட் வாடை வேறு. “கைவினைப் பொருள், திரும்பப் பெற மாட்டோம்” என்கிறார் விற்பனையாளர். (சென்னை வாசகி)

பதில்: முதலில் அசலைச் சொல்கிறேன். நைரோபியில் ஓஷன் சோல் என்ற நிறுவனம் கரை ஒதுங்கும் ரப்பர் செருப்புகளைக் கழுவி, அடுக்கடுக்காக ஒட்டி, கத்தியால் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து விலங்குகள் செய்கிறது. பெரிய உருவங்களுக்கு உள்ளே பழைய தெர்மாகோல் வைத்து, மேலே செருப்புத் துண்டுகளை ஒட்டுவதும் உண்டு, அது ஏமாற்று அல்ல. நிறம் பூசியதாக இருக்காது, செருப்பின் நிறம்தான். அதனால் அடிப்பக்கத்தில் நகத்தால் கீறினால் உள்ளேயும் அதே நிறம் இருக்க வேண்டும், உங்களுடையதில் வெள்ளை தெரியும் என்று நினைக்கிறேன். அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு கிடைக்கவும் வழியில்லை.

இனி சண்டைக்கு வருவோம். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்க முடியாது என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. கைவினைப் பொருளுக்கு விதிவிலக்கு ஏதும் கிடையாது. விளம்பரப் பக்கத்தை இப்போதே படம்பிடித்து வையுங்கள், நாளை அது மாறிவிடும். பொம்மையின் அடிப்பக்கம், வார்ப்புக் கோடு, பெட்டிமேல் உள்ள தயாரிப்பு நாடு எல்லாவற்றையும் படமெடுங்கள். பிறகு தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்த்துவைக்க வேண்டும். நகரவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்பனையாளர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் சென்னையிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, காலக்கெடு இரண்டு ஆண்டு. பெரும்பாலும் நோட்டீஸ் போனதுமே பணம் வந்துவிடும்.

கேள்வி: இலங்கை சென்ற தங்கை யானைச் சாணக் காகிதத்தில் செய்த, அட்டையில் யானை உருவம் போட்ட நோட்டு வாங்கி வந்தாள். வாடை வருமா? ஆயுத பூஜைக்குக் கணக்கு நோட்டாக வைக்கலாமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: தாராளமாக வையுங்கள், பசுஞ்சாணத்தால் வாசல் மெழுகிய ஊர் நம்முடையது. இலங்கையின் கேகாலை பக்கம் இதை ஒரு தொழிலாகவே செய்கிறார்கள். யானை தின்பதில் பாதிகூடச் செரிப்பதில்லை, மிச்சமெல்லாம் நார். அதைக் கழுவி, வேகவைத்து, கூழாக்கிப் பழைய காகிதத்தோடு சேர்த்து வார்ப்பதால் வாடை இருக்காது. சொரசொரப்பும் நிற வேறுபாடும் குறை அல்ல, யானை தின்ற தழைக்கேற்ப மாறும். வெளிநாட்டுக்குப் பரிசாக அனுப்புவதாக இருந்தால், குறிப்பாக ஆஸ்திரேலியாவுக்கு, சுங்கப் படிவத்தில் மூலப்பொருளை மறைக்காமல் எழுதுங்கள். கணக்கு எழுத பால்பாயிண்ட் பேனா போதும். மைப்பேனாதான் வேண்டும் என்றால் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், மை ஊறிப் பரவும் காகிதங்களும் உண்டு.